லாலிக்கு ஒரு டிக்கெட்

பார்சல் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, எடை போடுவது, ரசீது எழுதுவது, பார்சல் ஏற்றும் பிரேக் வண்டியில் எதை அடியில் வைப்பது எதை மேலே வைப்பது என்பதையெல்லாம் உங்கள் தலைமைக் கிளார்க் பெரியபாபு சொல்லித் தருவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எனக்கு இப்போது யாரும் சம்பளம் தருவதில்லை. ஐம்பதைத் தாண்டியதும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். ஹவுரா பார்சல் பிளாட்பாரத்தில் ஒருபோதும் பின்பக்கமாக நடக்காதீர்கள்.

நான் நடந்தேன். அதன் பலனாகப் பத்து நாள் என் உயிர் ஒரு தெருநாயின் வயிற்றுக்குள் இருந்தது.

புது ஸ்டேஷன் கட்டிடம் எழும்பிச் சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத காலம் அது. ஆபீஸில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பார்சல் கிளார்க். அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று கோமாளி. அதைச் சும்மாவே செய்தேன். எங்கள் பெரியபாபு, ஸ்டேஷனை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அறையிலிருந்து வெளியே வரும்போது முதுகைக் காட்டினால் மரியாதைக் குறைவு என்று சலாம் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து வருவார். அதை நடித்துக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அன்று பகல் பன்னிரண்டு மணி வெயிலில், மீன் கூடைகள் இறக்கிக்கொண்டிருந்த கூலிகள் முன்னால் அதைத்தான் நடித்தேன். ஒரு சலாம், இரண்டடி பின்னால். இன்னொரு சலாம், இன்னும் இரண்டடி. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது சலாமில் என் குதிகால் மெத்தென்று எதன்மேலோ பதிந்தது.

லாலியின் வால்.

லாலி என்பது கூலிகள் வைத்த பெயர். செம்மண் நிறத்து நாய். சில்கா ஏரியிலிருந்து வரும் மீன் கூடைகளுக்குப் பின்னால், ஐஸ் உருகி ஓடும் ஈரத்தில் படுத்துக் கிடக்கும். அது கத்தியதா நான் கத்தினேனா என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை. குனிந்து பார்த்தபோது வேட்டி கிழிந்திருந்தது. ஆடுசதையில் நான்கு பற்கள் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அடுத்து எனக்கு நினைவு தெரியும்போது நான் எடை மேடைமேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். அதன் இரும்புத் தண்டு டங்டங்கென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தேன். பயத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வருமாம். எனக்கு இந்தி வந்தது. "மாரோ! மாரோ! கொல்லு அதை!" என்று கூவினேன். சற்றுமுன் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தடியை எடுத்தார்கள். "பாக்லா குகுர்! வெறிநாய்!" என்ற சத்தம் பிளாட்பாரம் முழுக்கப் பரவியது. லாலி சுவரோரம் ஒடுங்கிப் பல்லைக் காட்டியது.

அந்த நேரத்தில்தான் ரயில்வே டாக்டர் அந்த வழியாக வந்தார். வங்காளி. என் வயதுதான் இருக்கும். அவர் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் கோபித்துக்கொள்வார்.

"யாரைக் கொல்றீங்க?" என்றார்.

"இதைத்தான் டாக்டர்பாபு. மத்ராஜிபாபுவைக் கடிச்சிடுச்சு. வெறிநாய்."

"வெறின்னு யார் சொன்னது?"

"மத்ராஜிபாபுதான்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இங்கே பைத்தியம் பிடிச்ச மாதிரி தெரியறது ஒருத்தர்தான். அவர் எடை மேடை மேல நிக்கிறார். தடியைக் கீழே போடுங்கப்பா."

என்னை இறக்கி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடிக்குக் கூட்டிப்போனார். கார்பாலிக் சோப்பைப் போட்டுக் கடிவாயைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். யாரோ மிளகாய் அரைத்துக் கொண்டுவந்தார்கள் பூசுவதற்கு. "அதை மீன்ல போடு" என்று விரட்டினார். பிறகு ஏதோ திராவகத்தைத் தொட்டு வைத்தார். நான் போட்ட கூச்சலில் மூன்றாம் பிளாட்பாரத்து எஞ்சின் பதிலுக்கு விசிலடித்தது என்று கூலிகள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர்பாபு, முதல்ல அந்த நாயைக் கொல்லச் சொல்லுங்க."

"கொன்னுட்டா, அதுக்கு வெறி இருந்துதா இல்லையான்னு யார்கிட்ட கேப்பீங்க?"

காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவரே சொன்னார்.

"அரே மொஷாய், கேளுங்க. கட்டிப் போட்டுப் பாக்கணும். பத்து நாள் கழிச்சும் அது நல்லா சாப்பிட்டுக்கிட்டு நடமாடினா, உங்களுக்கு ஒண்ணுமில்லை. நடுவிலே அதுக்கு நோய் தெரிஞ்சா, அன்னைக்கே மெயில்ல ஏறிக் கசௌலிக்குப் போகணும். அந்த நாய் உங்களுக்கு வந்திருக்கிற தந்தி. பிரிச்சுப் படிக்காமலே கிழிச்சுப் போடுன்னு கத்தறீங்களே!"

கசௌலி என்பது சிம்லா மலைப் பக்கம். அந்நாளில் நாய்க்கடிக்கு ஊசி வேண்டுமென்றால் கல்கத்தாக்காரன் அங்கேதான் ஓட வேண்டும். போக நாட்கள், அங்கே தங்கி ஊசி போட்டுக்கொள்ள வாரங்கள்.

"இப்பவே போறதுதான் பத்திரம். நான் எழுதித் தரேன். போறீங்களா?" என்றார்.

போகலாம். ஆனால் பவானிப்பூரில் என் மனைவி கோமதி எட்டு மாதக் கர்ப்பம். அவளுக்கு அந்த ஊரில் என்னைத் தவிர யாருமில்லை. கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா கிளம்பி வந்து சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வெறி இருக்காதுன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"வாலை மிதிச்சா எந்த நாயும் கடிக்கும். ஒருவேளை இருக்காது."

அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டுதான் நான் பத்து நாள் குடும்பம் நடத்தினேன். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். நான் செய்ததுபோல நீங்கள் செய்யாதீர்கள். இப்போது இந்த ஊரிலேயே ஊசி போடுகிறார்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், அன்றைக்கே ஊசிக்கு ஓடுங்கள். நாயைக் கட்டிப் பார்ப்பதும் நடக்கட்டும். அதைச் சாக்கு வைத்து ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. எங்கள் ஸ்டேஷனில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்ற பாண்டே என்று ஒருவர் இருந்தார். கோடையில் வண்டி வந்து நின்றால் ஜன்னல் ஜன்னலாக ஓடி, நீட்டிய கைகளிலெல்லாம் ஊற்றுவார். அதற்கு முந்தைய வருஷம் அவரை ஒரு நாய் கடித்தது. உடனே அந்த நாயை அடித்துக் கொன்று கங்கையில் எறிந்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. பாண்டேயும் மிளகாய் பூசிக்கொண்டு சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தார். இரண்டு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். யாரோ ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிய அந்த மனிதர் அதைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போட்ட சத்தம் இப்போது எழுதும்போதும் என் காதில் கேட்கிறது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஆகவே லாலி பிழைத்திருக்க வேண்டும். சற்றுமுன் கொல்லு என்று கத்திய அதே வாய், "யாரும் அதைத் தொடாதீங்க! அடிச்சுடாதீங்க! காத்தாட விடுங்க!" என்று கத்தத் தொடங்கியது. பார்சல் ஆபீஸ் ஓரத்தில் நாய்ப் பெட்டி இருந்ததல்லவா, துரைமார்களின் நாய்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கும் கம்பிக் கூண்டு? ஒரு மீன் தலையைக் காட்டி அதற்குள் லாலியைக் கூட்டிப் போனோம். மீன் தலையைப் பிடித்திருந்தவன் நான்தான். பிறந்தது முதல் முட்டையைக்கூடத் தொடாதவன்.

கதவைச் சாத்தி மூச்சு விடுவதற்குள் ஸ்டேஷன் துரை வந்துவிட்டார். கூடவே நாய் பிடிக்கிறவரும் வந்தார். வெறிநாய் என்ற சத்தம் அத்தனை சீக்கிரம் போயிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கிளப்பியவன் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் அவருடைய தள்ளுவண்டி நின்றது. அதில் ஏற்கெனவே செத்துக் கிடந்த நாய்களை நான் பார்த்தேன். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஏதோ ஒரு குழந்தை முடிச்சுப் போட்டுக் கட்டிய நூல்.

"அது யாரோ வளர்த்த நாய் மாதிரி இருக்கே?" என்று கேட்டேன்.

"தோல் பட்டை இருந்தா தொடமாட்டோம் பாபு" என்றார் அவர். கெட்ட மனிதரில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். "நூலுக்கு எனக்கு உத்தரவு இல்லை."

துரை கூண்டைப் பிரம்பால் தட்டினார். "யாருடைய நாய் இது?"

என்னுடையது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஸ்டேஷனுக்குள் கடிக்கிற நாயை வளர்த்தான் என்று வேலை போய்விடுமே!

"யாருடையதும் இல்லையென்றால் வெளியே இழுத்து முடியுங்கள்."

நாய் பிடிக்கிறவர் சுருக்குக் கயிற்றை அவிழ்த்தார். அப்போதுதான், பிள்ளைகளே, எனக்கு நம் தொழில் கைகொடுத்தது. துரை கடவுளுக்குப் பயப்பட மாட்டார், காலராவுக்குப் பயப்பட மாட்டார். புக் செய்த சரக்குக்குச் சேதம் வந்து, சொந்தக்காரன் நஷ்டஈடு கேட்டுக் கடிதம் எழுதினால் மட்டும் பயப்படுவார். "சார், அது புக் ஆகியிருக்கிறது!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு நாய் டிக்கெட் எழுதினேன். அவசரத்தில் ஹவுரா என்பதே கோழி கிளறியதுபோல வந்தது. போகுமிடம் ஸ்ரீராம்பூர். அனுப்புபவர் செல்ஃப், பெறுபவர் செல்ஃப். ரசீது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு என்று அர்த்தம். கட்டணத்தை என் சட்டைப் பையிலிருந்தே பெட்டியில் போட்டேன். சீட்டைக் கொண்டுபோய்க் கூண்டில் கட்டினேன். ரசீதைத் தலைப்பாகைக்குள் செருகினேன்.

துரை சீட்டைப் படித்தார். மை இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்தார். என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"பயணி எங்கே?"

"வருவார், சார்."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாய் பிடிக்கிறவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டார்.

புக் செய்த சரக்கு என்றால் வண்டியில் ஏற்ற வேண்டுமே! அன்று சாயங்காலமே லோக்கல் வண்டியின் கார்டு வந்து, "ஸ்ரீராம்பூர் நாய் எங்கே?" என்றார். இடமில்லை, அடுத்த வண்டியில் அனுப்பலாம் என்றேன். மறுநாளும் இடமில்லை. அதற்கு மறுநாள் சீட்டு தெளிவாக இல்லை. இப்படி லாலி தினமும் வண்டியைத் தவறவிட்டது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நம் ஆபீஸில் சரக்கு தங்கிப் போவது அத்தனை சகஜம்.

நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். நமக்கு வெறி வந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன். இறங்கியது. கால் மணி கழித்து மறுபடி சந்தேகம் வரும். மறுபடி குடிப்பேன். பெரியபாபு என்னிடம், "உமக்கு என்ன, நீரிழிவா?" என்று கேட்டார். இருமினால் அதில் குரைப்புக் கலந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். வீட்டுக்குப் போக மிதவைப் பாலத்தில் நடக்கும்போது வேண்டுமென்றே எட்டிக் கங்கையைப் பார்ப்பேன், பயம் வருகிறதா என்று. ஒருநாள் கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள், படகில்தான் போக முடிந்தது. நடு ஆற்றில் எனக்குக் கைகால் உதறல் எடுத்தது. ஐயோ, தண்ணீரைக் கண்டு பயம், வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "முதல் தடவையா படகில்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. படகென்றால் நான் எப்போதுமே இப்படித்தான்.

லாலிக்குத் தயிர்சாதம் கொண்டுபோனேன். மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. வங்காளத்து நாய்! வேறு வழியில்லாமல் மீன்காரர்களிடம் போய் நின்றேன். "மத்ராஜிபாபு மீன் வாங்குறார் டோய்!" என்று பிளாட்பாரமே கூடிவிட்டது. அவர்கள் தலையும் குடலும் சும்மாவே கொடுத்தார்கள். எப்படியும் தண்டவாளத்தோரம் கொட்டுவதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாய்கள் இங்கே எப்படி வந்தன என்று பெரியபாபு தினமும் தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள்தானே நாள் தவறாமல் இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறோம்! விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களைத் தடியால் அடித்திருக்கிறோம்.

நாளாக ஆக லாலி என்னைக் கண்டால் வாலை ஆட்ட ஆரம்பித்தது. உடம்பும் பூரித்தது. நான் போட்ட மீன்தான் என்று எனக்குள் பெருமை. டாக்டர் தினமும் வந்து கூண்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "சாப்பிடுதா?" என்பார். "சாப்பிடறது." "தண்ணி?" "குடிக்கிறது." "நீங்க?" "நானும் குடிக்கிறேன், டாக்டர்பாபு, எங்கே விட்டேன்!"

எட்டாம் நாள் லாலி மீனைத் தொடவில்லை.

தண்ணீரையும் தொடவில்லை. மூலையில் போய்ப் பதுங்கியது. கூண்டில் விரித்திருந்த கோணியைப் பல்லால் கிழித்தது. மூச்சு இரைத்தது. நான் கிட்டே போனதும் உறுமியது. டாக்டர் அன்று அசன்சோல் பக்கம் ஏதோ விபத்துக்குப் போயிருந்தார். நான் மெயில் வண்டியின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. பாலத்தில் கங்கையைப் பார்க்கவே இல்லை.

வாசலிலேயே கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னிக்கும் மீன் நாத்தமா? கூடை உடைஞ்சுது, கூடை உடைஞ்சுதுன்னு தெனமும் ஒரு கதை சொல்றேளே, உங்க ஆபீஸ்ல உடையாத கூடையே கெடையாதா? ஏன்னா, என்ன இது, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

கடித்த விஷயத்தை அவளிடம் சொல்லவே இல்லை. பெட்டியில் இடித்துக்கொண்டேன் என்று காலுக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு அழுதேன்.

"ஸ்டேஷன்ல ஒரு நாய் இருக்கு கோமு. சாப்பிடமாட்டேங்கறது. மூலையிலே போய்ப் பதுங்கறது. கோணியைக் கிழிச்சுக் கிழிச்சு அடியிலே சுருட்டி வெச்சுக்கறது. பெருமூச்சு விடறது. கிட்டப் போனா உறுமறது. அதுக்கு வெறி வந்துடுத்து."

கோமதி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"நேத்திக்கு நான் என்ன பண்ணினேன்? சாதம் வேண்டாம்னேன். பழைய புடவையெல்லாம் கிழிச்சு மடிச்சு அடுக்கினேன். படியேறி வந்து பெருமூச்சு விட்டேன். நீங்க கிட்ட வந்து 'என்னடி'ன்னதும் உறுமினேன். எனக்கும் வெறியா?"

நான் வாயைப் பிளந்தேன்.

"வயிறு எப்படி இருக்கு அதுக்கு?"

"பெருத்திருக்கு. மீன் போட்டேனே, அதான்னு நெனச்சேன்."

"மீன் போட்டாராம்!" அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "குட்டி போடப் போறது. இதுக்கா இந்த அழுகை? ஊர் நாய்க்கு நீங்க ஏன் அழறேள்?"

நான் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

"எங்கிட்டச் சொல்லலை."

"இந்த நேரத்திலே உன்னை..."

"இந்த நேரத்திலே நீங்க இல்லாமப் போயிருந்தா?"

எதற்கும் ஒரு வேடிக்கை கைவசம் வைத்திருப்பவன் நான், அன்று ஒன்றும் அகப்படவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. ஒரு தூக்கில் பாலை ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"காலம்பற இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. பெத்தவளுக்கு ஏதாவது வயித்துல போகணும். நாளன்னிக்கும் அது தெளிவா இல்லேன்னா, நீங்க வண்டி ஏறுங்கோ. என்னை நான் பாத்துக்கறேன்." தூக்கை மூடிக்கொண்டே, "அது பொழைக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் கூண்டுக்குள் நான்கு குட்டிகள் இருந்தன.

பத்தாம் நாள் டாக்டர் வந்தார். லாலி எழுந்து, குட்டிகள் மடியைவிட்டு உதிர உதிர நடந்து வந்து, சட்டியில் இருந்த தண்ணீரைச் சளப்சளப்பென்று நக்கிக் குடித்தது. எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை. டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"மத்ராஜிபாபு, தந்தி வந்தாச்சு. நல்ல சேதி."

அவரைக் கட்டிக்கொண்டேன். கோமதியிடம் சொல்ல வேண்டுமே! தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன். கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் அந்தத் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது.

"இனிமே அது உங்களுக்கு வேண்டாம், இல்லையா?" என்று பின்னாலிருந்து டாக்டர் கேட்டார். குத்திக் கேட்கவில்லை. காலிக் கூடையைக் காட்டி, இது உங்களுக்கு வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

உள்ளே துரையின் குரல் கேட்டது. "மெயிலில் இரண்டு நாய்கள் போகின்றன, கூண்டு வேண்டும். பத்து நாளாக இதைக் கேட்டு யாரும் வரவில்லை. யாருடைய நாய் இது? யாருடையதும் இல்லையே? எடுங்கள் வெளியே." நாய் பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் எடுத்தார். முதல் நாள் கேட்ட அதே கேள்வி, அதே கயிறு. கூண்டுக்குள் இருந்தது மட்டும் ஐந்தாகிவிட்டது.

நான் திரும்பி ஓடினேன். தலைப்பாகையை அவிழ்த்தேன். அது கஜக்கணக்கில் அவிழ்ந்து பிளாட்பாரத்தில் விழுந்தது. உள்ளே வியர்வையில் ஊறிப்போன ரசீது இருந்தது.

"செல்ஃப், சார்" என்றேன். "என் நாய்."

துரை ரசீதைப் பார்த்தார். என் வெறுந்தலையைப் பார்த்தார். "எல்லாமா?"

"எல்லாம், சார்."

புக்கிங்கை ரத்து செய்து சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதச் சொன்னார். ஒரு நாய், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். பிரம்பால் அதன்மேல் தட்டினார். "சரக்கு கூடுதலாக இருக்கிறது. கூடுதலுக்கு விளக்கம் எழுது."

உங்களுக்குத் தெரியும், நம் தொழிலில் சரக்கு குறைந்துதான் பழக்கம். ஓர் அடிகூட நகராமல் ஒன்று ஐந்தானதற்கு எப்படி விளக்கம் எழுதுவது? கைக்கு வந்ததை எழுதினேன். "கூடுதலாக உள்ள நான்கும் காத்திருந்த இடத்தில் சேர்ந்தவை. இவற்றுக்கு வேறு யாரும் உரிமை கோரவில்லை. நான் கோருகிறேன்."

துரை அதைப் படித்தார். மீசை துடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவரைச் சிரிக்கவைக்க நான் எத்தனையோ வருஷம் முயன்றிருக்கிறேன். கடைசியில் அவர் சிரித்தது நான் வேடிக்கை பண்ணாத ஒரே நாளில்.

நாய் பிடிக்கிறவர் மட்டும் நகரவில்லை. "பட்டை, பாபு?" என்றார்.

பட்டைக்கு எங்கே போவேன்? அப்போது டாக்டர் தம் இடுப்பு பெல்ட்டை உருவி நீட்டினார். மற்றொரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். நாய் பிடிக்கிறவர்தான் தம் கத்தியால் அதில் புதிதாக ஒரு துளை போட்டார். லாலியின் கழுத்தில் கட்டினார். இரண்டு விரலை உள்ளே விட்டு, மூச்சு முட்டவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு உத்தரவு இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மீன் கழிவுக்கு இப்போது ஆபீஸ் ஓரத்தில் மூடி போட்ட தொட்டி இருக்கிறதே, அது அந்த வாரம் வந்தது. அதற்குப் பிறகு புதிய நாய்கள் வருவது குறைந்துபோனது. இருப்பவற்றுக்கு ஒரு சட்டியில் தண்ணீரும் ஒரே இடத்தில் சோறும் வையுங்கள். கூட்டம் வெறி வெறி என்று கத்தினால் முதலில் தடியை வாங்கிக் கீழே போடுங்கள். உங்கள் மேஜைக்கு அடியில் இன்றும் லாலியின் வம்சத்தில் செம்மண் நிறத்தில் ஒன்று படுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் பட்டை நைந்துபோயிருந்தால் ஆபீஸ் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள், உங்கள் பெல்ட்டைக் கழற்றுங்கள். கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். டாக்டர் போனார்.